மொடிஃபை செய்த பழைய ஸ்போர்ட் குவாட்: சில வருடப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

வீதியில்லாத காடுமேடுகளில் நீண்ட நேரம் ஓடும் குரோஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கென்றே முன்னைய உரிமையாளர் மாற்றியமைத்த 2005ஆம் ஆண்டுச் சுசூகி எல்டி-இசட்400 குவாட் (மோட்டார் சைக்கிள்போல் ஏறி ஓட்டும் நாற்சக்கர வண்டி) ஒன்றை வாங்கி, கொழும்பில் வைத்துச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறேன். விற்றவர் வண்டியோடு ஒரு கட்டுப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்து வைத்தார். அவற்றைக் கூட்டினால் அவர் கேட்ட விலையைத் தாண்டியது. அவருக்கு அது விலையை நியாயப்படுத்தும் ஆதாரம். எனக்கோ அதில் பாதிக்கு மேற்பட்டவை எஞ்சின் வேலைக்கானவை என்பதே பேரம் பேசுவதற்குப் போதிய காரணமாக இருந்தது. இவ்வகை வண்டியில் செசிக்கும் சஸ்பென்ஷனுக்கும் போட்ட காசு வாங்குபவரின் கைக்கு வந்து சேர்கிறது. எஞ்சினுக்குப் போட்ட காசு பெரும்பாலும் வந்து சேர்வதில்லை; இன்னும் காசு கேட்கிறது.

இந்த மொடல் 2003இல் சந்தைக்கு வந்தது. சுசூகியின் டிஆர்-இசட்400 மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து உருவான, நீரால் குளிரூட்டப்படும் 398 சிசி எஞ்சின் இதில் உள்ளது. கவசாகி அதே வண்டியைக் கேஎஃப்எக்ஸ்400 என்ற பெயரில் விற்றமையால், உதிரிப்பாகம் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடலாம் என்பது நம்மைப் போல் பொருள் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்குச் சிறிய விடயமன்று. அடுத்த வருடத்திலேயே யமஹா வைஎஃப்இசட்450, ஹொண்டா டிஆர்எக்ஸ்450ஆர் ஆகியவை வந்து பந்தயத் திடல்களைக் கைப்பற்றிக்கொண்டன. வேகத்தில் அவற்றோடு 400 போட்டியிட முடியாது. ஆனாலும் இவ்வகை 450களில் சிலவற்றில் எடை குறைப்பதற்காக டைட்டேனியம் வால்வுகள் பாவிக்கப்பட்டுள்ளன. எயார் ஃபில்டரைத் தாண்டி மெல்லிய தூசு உள்ளே போனால், வால்வின் மேற்பூச்சுத் தேய்ந்து, வால்வு இருக்கைக்குள் இறங்கி, இடைவெளி குறைந்து, கடைசியில் வண்டி ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். பழைய 450 ஒன்றை இங்கே வாங்குபவர் வால்வுச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 400இல் இருப்பவை எஃகு வால்வுகள். என் வண்டியில் இன்லெட் பக்கம் 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர் வரையும், எக்ஸோஸ்ட் பக்கம் 0.20 முதல் 0.30 வரையும் இருக்கவேண்டிய இடைவெளி, ஒழுங்காக ஃபில்டர் கழுவி எண்ணெய் பூசிவரும்வரை அசைவதேயில்லை.

நான் பார்த்தபோது வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த பாகம் எது என்று தேட வேண்டியிருந்தது. 90 மில்லிமீற்றர் சிலிண்டரை 94 ஆக்கி 434 சிசிக்குக் கொண்டுவந்து, உயர் கம்ப்ரெஷன் பிஸ்டனும் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் கேம் ஷாஃப்டும் இட்டிருந்தார்கள். மிகுனி காபரேட்டர் இருந்த இடத்தில் 39 மில்லிமீற்றர் கெய்ஹின் எஃப்சிஆர், முழு எக்ஸோஸ்ட், முன்சக்கரங்களைச் செசியோடு இணைக்கும் நீண்ட ஏ-ஆம்கள், நீள்பயண ஷொக்குகள், அகலமாக்கக்கூடிய பின் அக்சில், ஹாண்டிலின் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர், பெரிய பெற்றோல் டாங்கி, கால் தவறி டயருக்குள் போகாதபடி வலையிட்ட பக்கக் கம்பிகள், ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச் என்று பட்டியல் நீண்டது. கேம் ஷாஃப்டைச் சுழற்றும் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் கையால் இறுக்கும் வகைக்கு மாற்றியிருந்தார்கள். இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் முதலில் செய்யும் வேலை அதுதான் என்பதால், முன்னையவர் விளக்கமில்லாதவர் அல்லர் என்பது அங்கேயே தெரிந்தது.

மொடிஃபை செய்த வண்டியைப் பரிசோதிக்கையில் பளபளப்பைக் கண்டு மயங்காமல், பளபளப்பு எங்கே புதிதாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செசியில் மேல் ஷொக் பூட்டும் காதுகள், ஏ-ஆம் பொருந்தும் இடங்கள், ஸ்டியரிங் தண்டின் கீழ்ப் பெயரிங் இருக்கும் பகுதி ஆகிய மூன்றிலும் வெடிப்பு வரும். அந்த இடங்களில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் சந்தேகப்படுவதே முறை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் டயரைச் சுழற்றி, அக்சிலின் நுனி ஒரே புள்ளியில் நிற்கிறதா அல்லது வட்டம் போடுகிறதா என்று பார்த்தால், அக்சில் வளைந்திருப்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும். அதன் பின் எயார் ஃபில்டரைக் கழற்றிக் காபரேட்டருக்குப் போகும் இறப்பர்க் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் நிறம் ஒட்டினால், விற்பவர் சொல்லும் எஞ்சின் வரலாற்றை மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. நான் துடைத்தபோது விரலில் எண்ணெய்ப் பசை மட்டுமே இருந்தது.

கம்ப்ரெஷன் அளவு எடுத்துக் காட்டுகிறேன் என்று விற்பவர்கள் முன்வருவதுண்டு. இப்படியான பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில், எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகக் கேம் ஷாஃப்டிலேயே கம்ப்ரெஷனைத் தளர்த்தும் அமைப்பு இருப்பதால், அந்த அளவு குறைவாகவே காட்டும். கேம் மாற்றிய எஞ்சினில் அதைப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளேயில்லை. காற்றை உள்ளே செலுத்தி, எவ்வளவு எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனைதான் பயனுள்ளது. கிராண்ட்பாஸ் பக்கத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அதைச் செய்துவிட்டு, “தம்பி, ரிங்ஸ் நல்லம். ஆனா இந்த எஞ்சின் எங்கட பெற்றோலுக்குச் செஞ்சதில்ல” என்றார்.

அவர் சொன்னது சரியாகவே முடிந்தது. அமெரிக்கப் பம்பில் எழுதியிருக்கும் ஒக்டேன் எண்ணும் நம் பம்பில் இருக்கும் எண்ணும் ஒரே அளவுகோலில் அமைந்தவையல்ல. அங்கே இரண்டு முறைகளின் சராசரியை எழுதுகிறார்கள். இங்கே ஆய்வுமுறை எண்ணை மட்டும். ஆகவே அங்குள்ள 91, இங்குள்ள 95க்கு ஏறத்தாழச் சமம். இதை அறியாமல் 92 ஊற்றினால், 13ஐ நெருங்கும் கம்ப்ரெஷன் விகிதமுள்ள பிஸ்டன், தாழ்ந்த வேகத்தில் அக்சிலேட்டரை முழுதாகத் திறந்தவுடன் தட்டத் தொடங்கும். 95இலும் ஏற்றத்தில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதைவிட ஸ்டார்ட் செய்வது பெரிய தொல்லையாக இருந்தது. அமெரிக்காவின் ஜிஎன்சிசி போன்ற குரோஸ் கன்ட்ரி ஓட்டங்கள் எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே தொடங்குகின்றன. கொடி அசைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்து புறப்பட வேண்டும். குளியாப்பிட்டிப் பக்கம் ஒரு நண்பரின் தென்னந்தோட்டத்தில் நாங்கள் ஓடும் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கும் அந்த முறையையே எடுத்துக்கொண்டோம். இந்த வண்டியில் கிக்கர் இல்லை. சூடான எஞ்சின், உயர் கம்ப்ரெஷன், களைத்த பற்றரி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால், மற்றவர்களின் புழுதியைப் பார்த்துக்கொண்டு சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெரிதாக்கிய சிலிண்டரைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் மச்சான் ஒருவர், அங்கே கழித்த கேஎஃப்எக்ஸ் ஒன்றிலிருந்து நல்ல நிலையிலிருந்த 90 மில்லிமீற்றர் சிலிண்டரையும் பழைய கேம்களையும் வாங்கி, ஊருக்கு வரும்போது சூட்கேசில் துணிகளுக்கு நடுவே கொண்டுவந்து தந்தார். அந்த வேலைக்குப் பிறகு உச்ச வேகம் குறைந்தது உண்மை. ஆனால் சுற்று நேரம் கூடவில்லை என்பதோடு, இரண்டாவது மணி நேரத்தில் முன்னேறவும் முடிந்தது. தாழ்ந்த வேகத்தில் இழுவை சீராக வந்ததால் ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்ற வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. எஃப்சிஆர் காபரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டேன். அது பெற்றோலைக் கூடுதலாகக் குடித்தாலும், அக்சிலேட்டரைத் திறந்த கணத்தில் கிடைக்கும் பதில், தென்னை மட்டைகளையும் கான்களையும் தாண்டும்போது முன்சக்கரத்தைத் தூக்குவதற்கு இன்றியமையாதது. குளிர்நாட்டுக் கணக்கில் பொருத்தியிருந்த ஜெட்டுகள் (காபரேட்டரில் பெற்றோலை அளந்துவிடும் துளைகள்) இங்குள்ள வெப்பமும் ஈரமும் கொண்ட காற்றுக்குப் பெரியவை, சிறியவையாக மாற்றினேன். நுவரெலியாவுக்குக் கொண்டுபோவதானால் இன்னும் சிறியவை தேவைப்படும். அங்கே உயரமே 1,868 மீற்றர்.

எடை குறைப்பதற்காக முன்னையவர் ரேடியேட்டர் விசிறியையும் கழற்றியிருந்தார். வேகமாகவே ஓடும் திறந்த வெளியில் அது சரியாக இருக்கலாம். இறப்பர்த் தோட்டத்தின் சேற்றில் முதலாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது பத்து நிமிடத்தில் தண்ணீர் கொதித்துவிடும். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய சிறுகார் ஒன்றின் விசிறியைத் தேடியெடுத்து, தகடு வெட்டிப் பொருத்தினேன். அழகாக இல்லை; வேலை செய்கிறது.

செசிப் பக்கத்து வேலைகளை நான் அவிழ்க்கவில்லை, எனக்கேற்றபடி திருத்திக்கொண்டேன். மோட்டோகுரோஸ் குவாட்டுகள் 50 அங்குல அகலம்வரை போகும். மரங்களுக்கிடையே ஓடுபவை 46 முதல் 48 அங்குலத்துக்குள் நிற்பதே வழக்கம். இந்த வண்டி 50இல் இருந்தது. தென்னை வரிசைகளுக்கிடையே அது தடையாக இல்லை, ஆனால் முட்கம்பி வேலியின் கடவைகளும் கான்களின் மேல் போட்ட பலகைகளும் வேறு கதை. அக்சிலை உள்ளே தள்ளி 47க்குக் கொண்டுவந்ததில், ஒரு சதமும் செலவாகாமல், மிகப் பெரிய வித்தியாசம் கிடைத்தது. ஷொக்குகளின் ஸ்பிரிங், என்னைவிட நிச்சயமாக இருபது முப்பது கிலோ கூடிய ஒருவருக்காகத் தெரிவு செய்யப்பட்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்கவேயில்லை. வேர்களின் மேல் போனால் மணிக்கட்டுக்கு முழு அடியும் வந்தது. மென்மையான ஸ்பிரிங் ஒரு தொகுதி வரவழைத்துப் போட்ட பின்புதான் அந்த ஷொக்குகளின் அருமை விளங்கியது. இரண்டு மணி நேரத்தின் முடிவிலும் கையில் பிடி இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் அவைதான், குதிரைவலு அன்று. பழைய ஷொக் வாங்குபவர்கள், முன்னையவரின் உடல் எடையைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எந்தப் பற்றுச்சீட்டிலும் அது இருக்காது.

டயர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவை 5, 6 பிஎஸ்ஐ அளவில் ஓடுபவை. நம் டயர்க் கடைகளிலுள்ள மானியில் அந்த அளவில் முள் எழும்பவே எழும்பாது. கடைக்காரத் தம்பி பழக்கதோஷத்தில் 25 அடித்துவிட்டால் வண்டி பந்துபோல் துள்ளும். 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் தனி மானி ஒன்றை வைத்திருங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கடற்காற்று படும் வாகனத் தரிப்பிடத்தில், ஓடித் தேய்வதைவிட நின்று துருப்பிடிப்பதே அதிகம். பின் ஷொக்கை இணைக்கும் லிங்கேஜ் பெயரிங்குகள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இறுகிப்போகும். ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பின்னும் கழுவுவது போதாது. தண்ணீரை அழுத்தத்தில் அடித்தால் கிறீஸ் வெளியேறி நீர் உள்ளே போகும். கழற்றிக் கிறீஸ் போடுவதற்கு மாற்று வழி எதையும் நான் காணவில்லை.

இது வீதிப் பதிவில்லாத வண்டி. எங்கு போவதானாலும் டிமோ பட்டா எனப்படும் சிறு லொறி ஒன்றைப் பிடித்து ஏற்றியே போக வேண்டும். பல நாட்களில் அந்தக் கூலி பெற்றோல் செலவை விஞ்சுகிறது. 2022இல் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, பதிவிலக்கம் இல்லாத இந்த வண்டிக்குக் கோட்டாவும் இல்லை. அது உறை போட்டபடி நின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, உள்ளே இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. ஆகவே இன்று கையில் வரும் ஒரு குவாட்டுக்குப் பல உரிமையாளர்களும் பல கைவேலைகளும் இருந்திருக்கும். சுங்கப் பத்திரத்திலுள்ள செசி இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பதையும் நீங்களே நேரில் ஒப்பிடுங்கள். செசியை வெல்டிங் செய்தவர்கள் இலக்கத்தின் மேலும் பெயின்ட் அடித்திருப்பார்கள், சுரண்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

வாங்கும்போது கழற்றிய பாகங்கள் எங்கே என்று அவசியம் கேளுங்கள். பழைய காபரேட்டர், கேம், விசிறி, ஏ-ஆம் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் விற்பனையாளருக்கு நான் சில ஆயிரம் கூடக் கொடுப்பேன். எனக்குக் கிடைத்த பெட்டியில் காபரேட்டர் மட்டுமே இருந்தது. விசிறி இருந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும். 434 சிலிண்டரும் உயர் கம்ப்ரெஷன் பிஸ்டனும் இப்போது எண்ணெய்த் துணி சுற்றி என்னிடம் இருக்கின்றன. வண்டியை விற்கும் நாளில் அவை விலையில்லாமல் கூடவே போகும்.