மூக்குச் சளியா, ரத்தமா, கொட்டிலா? உறுப்பு தரும் பன்றியில் வைரஸ் தேடும் வழிகள்

2022 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில், மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். பன்றியின் 4 மரபணுக்களை முடக்கி, மனிதனின் 6 மரபணுக்களைச் சேர்த்து வளர்த்த பன்றி அது. அந்நிய உறுப்பை உடம்பு உடனே தள்ளிவிடுமோ என்பதுதான் எல்லாருடைய பயமும். அப்படி நடக்கவில்லை. இதயம் வாரக்கணக்கில் நன்றாகத் துடித்தது. அப்புறம் திடீரென்று தளர்ந்தது. மார்ச் 8 அன்று அவர் இறந்துபோனார்.

அந்த இதயத்தோடு பன்றி சைட்டோமெகலோ வைரஸும் கூடவே வந்திருந்தது. சாவுக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் முன்பே மிகவும் நலிந்திருந்தார், சிகிச்சையில் ஏற்றிய ஆன்டிபாடி (நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) மருந்தும் இதயத்தைத் தாக்கியிருக்கலாம் என்று 2023இல் லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே கட்டுரையில் இந்த வைரஸையும் ஒரு காரணமாக வைத்தார்கள்.

அந்தப் பன்றியைச் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. பலமுறை சோதித்தார்கள், ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்றே வந்தது. அப்படியானால் எந்தச் சோதனையை நம்புவது? இன்று கையில் இருக்கும் வழிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

முதலில் பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனைதான். மாதிரியில் வைரஸின் மரபணுத் துணுக்கு இருந்தால் அதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். வேகமானது, துல்லியமானது. ஆனால் குச்சி தொட்ட இடத்தில் வைரஸ் இருந்தால்தான் காட்டும். பென்னட்டுக்கு இதயம் தந்த பன்றிக்கு மூக்குச் சளியில்தான் பார்த்தார்கள். இந்த வைரஸோ ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் குணம் நமக்குப் பழக்கமானதுதான். சின்ன வயதில் சின்னம்மை போட்டு இறங்கிவிடும். ஐம்பது, அறுபது வயதில் உடம்பு தளரும்போது அதே வைரஸ் அக்கியாகக் கிளம்பும். நடுவில் அத்தனை வருடமும் நரம்புக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கும். அந்தக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டால் என்ன கிடைக்கும்?

பன்றியிலும் இதே கதைதான். குட்டியாக இருக்கும்போது தொற்று வந்து, மூக்கு வழியே வைரஸ் வெளியேறும். வளர வளர அது உறுப்புகளுக்குள் பதுங்கிக்கொள்ளும். பின்னால் தேடியபோது, அந்தப் பன்றியின் எடுத்து வைத்திருந்த மண்ணீரலில் வைரஸ் அகப்பட்டது. அதற்குள் இதயம் மனித உடம்புக்குள் போய்விட்டது. அங்கே எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்கியிருந்தார்கள். வைரஸ் தலைதூக்க அதைவிட வசதியான இடம் வேறு இல்லை. 20ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் லேசான தடயம் தெரிந்தது. அளவு மிகக் குறைவாக இருந்ததால் ஆய்வகப் பிழையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 40 நாள் தாண்டி அவர் நோய்வாய்ப்பட்டபோது அளவு பெருமளவு ஏறியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. தடயம் கைக்கு வந்தது, ஆனால் அதன் பொருளைச் சொல்ல அப்போது முன்னனுபவம் யாருக்கும் இல்லை.

அடுத்தது ஆன்டிபாடி சோதனை. இது வைரஸைத் தேடாது. வைரஸ் எப்போதாவது வந்துபோனதற்கு உடம்பு எழுதி வைத்த கணக்கைத் தேடும். பதுங்கியிருக்கும் தொற்றைப் பிடிக்க இதுதான் சரியான கருவி என்று பெர்லினைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் யோவாகிம் டென்னர் அழுத்திச் சொல்லிவருகிறார். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஹெர்பிஸ் வைரஸ் ஒருமுறை நுழைந்தால் போகாது. ஆகவே வளர்ந்த பன்றியின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால், வைரஸும் எங்கோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. பிறந்த குட்டி சீம்பால் குடிக்கும்போது தாயின் ஆன்டிபாடிகள் அதற்குள் போய்விடும். தொற்றே இல்லாத குட்டிக்கும் ‘இருக்கிறது’ என்று காட்டலாம். நேற்றுத் தொற்றிய குட்டிக்கு இன்னும் ஆன்டிபாடி உருவாகாததால் ‘இல்லை’ என்றும் காட்டலாம். குட்டிகளில் பிசிஆர், வளர்ந்தவற்றில் ஆன்டிபாடியும் பிசிஆரும் சேர்த்து என்று வயதைப் பார்த்துத்தான் சோதனை செய்ய வேண்டும்.

இந்த வைரஸ் பற்றிய எச்சரிக்கை பென்னட்டுக்கு முன்பே இருந்தது. மியூனிக்கில் பபூன் குரங்குகளுக்குப் பன்றி இதயம் பொருத்திய குழு, வைரஸ் இல்லாத இதயத்தோடு ஒரு குரங்கை 195 நாள் வரை உயிரோடு வைத்திருந்தது. வைரஸ் இருந்த இதயங்கள் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. 2020இல் இது அச்சிலேயே வந்துவிட்டது.

மூன்றாவது வழி கொட்டிலில் தொடங்குகிறது. வைரஸ் பெரும்பாலும் பிறந்த பிறகு தாயிடமிருந்தே குட்டிக்குத் தொற்றுகிறது. குட்டிகளைச் சிசேரியனில் எடுத்து, அல்லது பிறந்த கையோடு தாயிடமிருந்து பிரித்து, சீம்பால்கூடத் தராமல் தனியாக வளர்த்தால் சங்கிலி அறுந்துவிடும். ஈரல் அழற்சி தரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸையும் இப்படியே விலக்கலாம். செலவு அதிகம். வடிகட்டிய காற்று, உள்ளே போகும் ஆள் குளித்து உடை மாற்றும் ஏற்பாடு, ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு எல்லாம் வேண்டும். நியூசிலாந்தில் இன்னொரு பாதை கிடைத்தது. தெற்கே ஆக்லாந்து தீவில் 19ஆம் நூற்றாண்டில் விடப்பட்ட பன்றிகள், மற்றப் பன்றிகளோடு கலக்காமல் தனித்தே வாழ்ந்தன. 1999இல் சிலவற்றை மீட்டு வந்து சோதித்தபோது, வழக்கமான பல நோய்கள் அவற்றில் இல்லை. இன்சுலின் சுரக்கும் கணையச் செல் கொத்துகளை நீரிழிவு நோயாளிகளுக்குப் பொருத்தும் ஆய்வுக்கு அந்த வம்சத்துப் பன்றிகளைப் பயன்படுத்தினார்கள்.

நான்காவது, மரபணுத் திருத்தம். செய்திகளில் அதிகம் பேசப்படுவது இதுதான். பன்றியின் டிஎன்ஏவுக்குள்ளேயே எழுதப்பட்ட வைரஸ்கள் உண்டு, சுருக்கமாகப் பெர்வ் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வருவதால் கொட்டிலை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் போகாது. 1997இல் ஆய்வகத்தில் அவை மனித செல்களைத் தொற்றியதைக் கண்டதும் பெரிய பயம் கிளம்பியது. 2015இல் ஜார்ஜ் சர்ச், லூஹான் யாங் ஆய்வுக் குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஒரு பன்றி செல்லில் இருந்த 62 பெர்வ் பிரதிகளையும் முடக்கிக் காட்டியது. 2017இல் பெர்வ் முடக்கிய குட்டிகளே பிறந்தன. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமேனுக்குச் சிறுநீரகம் தந்த பன்றியில் 69 திருத்தங்கள். அவற்றில் 59 பெர்வுக்காக மட்டுமே. அவர் இரண்டு மாதத்தில் இறந்தார். சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்று மருத்துவமனை சொன்னது.

இது அபாரமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் பன்றித் திசுக்களோடு தொடர்பு ஏற்பட்ட 160 நோயாளிகளை 1999இல் ஆராய்ந்தபோது ஒருவருக்கும் பெர்வ் தொற்று இல்லை. சைட்டோமெகலோ வைரஸோ பபூன்களில் உறுப்புகளைச் சீக்கிரம் செயலிழக்க வைத்திருக்கிறது. இருப்பதிலேயே அதிகத் திருத்தங்கள் இதுவரை தொற்றாத எதிரிக்குப் போகின்றன, உறுப்பைக் கெடுத்த எதிரிக்குக் கொட்டிலும் ரத்தச் சோதனையுமே மருந்து. மேலும், மனித செல்லில் வேகமாகப் பெருகும் கலப்பு வகை உருவாக, பெர்வின் ஒரு வகையான பெர்வ்-சி வேண்டும். அது எல்லாப் பன்றிகளிலும் இல்லை. இல்லாதவற்றைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தாலே அந்த ஆபத்தில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: முதலில் கொட்டில், அடுத்து வளர்ந்த பன்றிக்கு ஆன்டிபாடி, அதோடு ரத்தத்திலும் திசுவிலும் பிசிஆர், வசதி இருந்தால் பெர்வ் திருத்தம். மூக்குச் சளியை மட்டும் வைத்து ஒரு பன்றிக்குச் சான்று தரக்கூடாது. உறுப்பு பெறுபவர் வாழ்நாள் முழுக்க ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். அவர் முன் வைக்கும் தாளில், பன்றிக்கு எந்த வயதில், எந்த மாதிரியில், எந்தச் சோதனை செய்தார்கள் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.