சிறார் நீதிமன்றம் பற்றிய ஆன்லைன் வகுப்பு: ஐந்துக்கு மூன்றரை

அக்கா பையன் ஒரு செல்போன் திருட்டில் மாட்டிக்கொண்டபோது வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. கூண்டில் ஏற்றுவார்கள், அதட்டுவார்கள் என்று பயந்துகொண்டே சிறார் நீதிமன்றத்துக்குப் போனால், ஒரு மேசை, சுற்றி நாற்காலிகள், பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறானா என்று விசாரிப்பு. எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, அன்றைக்கு அங்கே நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் ஆறு பாடங்கள் கொண்ட இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் பாடம் வரலாறு. 1899-இல் சிகாகோவில் தனி நீதிமன்றம் வந்தது, பிள்ளையைத் தண்டிக்காமல் பெற்றோர் இடத்தில் அரசு நின்று திருத்தும் என்ற எண்ணம், சரி. ஆசிரியர் எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கிறார், எனக்குக் கண் சொருகிவிட்டது.

மூன்றாவது பாடத்துக்காகவே இந்த வகுப்பைப் பார்க்கலாம். 1964, அரிசோனா. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு போன் போட்டு ஆபாசமாகப் பேசினான் என்று ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் பிடித்துப் போகிறார்கள், வேலைக்குப் போயிருந்த பெற்றோருக்குத் தகவல்கூட இல்லை. விசாரணைக்குப் புகார் கொடுத்தவரே வரவில்லை, வக்கீல் இல்லை, பேசியது எதுவும் பதிவாகவில்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்கலாம் என்று உத்தரவு! இதையே பெரியவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் இரண்டு மாதம் சிறை. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கே சிறுவர்களுக்கும் வக்கீல், முன்கூட்டியே நோட்டீஸ், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எல்லாம் உறுதியானது. அன்பாகப் பேசுகிறார்களே என்று நாங்களும் அந்த மேசை முன்னால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

இதை இவ்வளவு நன்றாகச் சொன்ன ஆசிரியர், வழக்கை நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போகாமலே தீர்ப்பதைப் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார், அதுதான் பெரிய ஏமாற்றம். முடிந்தவரை அப்படித் தீர்க்கப் பாருங்கள் என்று சிறார் நீதி பற்றிய ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகளே சொல்கின்றன. நியூசிலாந்தில் 1989 சட்டத்துக்குப் பிறகு பையனின் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் கூடி உட்கார்ந்து, என்ன ஈடு செய்வது என்று பேசி முடிவெடுக்கிறார்கள். இதற்கு ஒரே ஒரு ஸ்லைடு! போனைப் பறிகொடுத்தவர் பக்கம் என்ன என்று ஆறு பாடத்திலும் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வழக்கில் அவர் வெளியே வராந்தாவில் நின்றதைப் பார்த்தவள் நான், அதனால் இது உறுத்துகிறது.

நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பற்றிய ஐந்தாம் பாடம் தெளிவு. பையனின் வீடு, படிப்பு, யாரோடு சேர்கிறான் எல்லாம் அதில் எழுதப்படும், நீதிபதி அதை வைத்துத்தான் பாதி யோசிப்பார், அதனால் அந்த அலுவலர் வீட்டுக்கு வரும்போது மழுப்பாமல் பேசுங்கள் என்கிறார். இது எங்களுக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒலி மோசம், ஹெட்போன் வேண்டும். கேள்வி கேட்கத் தனி இடம் இருக்கிறது, நான் கேட்ட மூன்றில் ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. அப்புறம், வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இதில் உட்காராதீர்கள், அப்போது பார்க்க வேண்டியது வக்கீலை.