ஆலய ஒலிபெருக்கியில் டிஜிட்டல் பியானோ: ஐந்து ஆண்டு அனுபவம்

எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஐந்து ஆண்டுகளாக யமஹா பி-125 டிஜிட்டல் பியானோவை வாசித்து வருகிறேன். ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ள இதை அசன பண்டிகை (ஆலய விருந்து விழா) பந்தல் வரை ஒருவரே தூக்கிச் செல்லலாம். 88 கட்டைகளும் நிஜ பியானோவைப் போலவே இடப்பக்கம் கனத்தும் வலப்பக்கம் இலகுவாகவும் அழுந்துகின்றன. ஹெட்போனில் கேட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலயத்தின் ஒலிபெருக்கி வழியே வந்தபோதோ, தகர டப்பாவுக்குள் வைத்து வாசிப்பதுபோல் சன்னமாகவும் எங்கோ தொலைவிலும் ஒலித்தது. ஸ்பீக்கர்களை மாற்றிவிடலாம் என்று கமிட்டி விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை கொயர் ஒத்திகையில், மைக்செட் பார்க்கும் அண்ணன் மிக்சரிலிருந்து ஜாக்கை உருவப்போய்ப் பாதியில் நிறுத்தியபோது, நான் வாசித்துக்கொண்டிருந்த கார்டு (சேர்ந்தொலிக்கும் பல சுரங்கள்) திடீரென முழுக் கனத்துடன் எழுந்தது. "தம்பி, வயர்லதான் கோளாறு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ ஜாக் வயர் ஒன்றை மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் நேராகச் செருகியிருந்தோம். அவ்வகை உள்ளீடு, ஜாக்கின் முனையில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து மீதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வழியில் புகும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு அது. நாங்கள் அனுப்பியதோ முனையில் இட ஒலியும் வளையத்தில் வல ஒலியும். இரண்டுக்கும் பொதுவாக இருந்த பியானோவின் உடம்பு கழிந்துபோக, தோல் மட்டுமே சபைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது பியானோவின் பின்புறமுள்ள ஆக்ஸ் அவுட் (ஒலி வெளியீட்டு) துளைகள் இரண்டிலிருந்தும் குட்டையான மோனோ வயர்கள், கருவியின் ஒலியை பேலன்ஸ்டாக மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸுக்கும், அங்கிருந்து மைக்குக்குப் போடும் வகையான நீளமான எக்ஸ்.எல்.ஆர். வயர்கள் மிக்சருக்கும் செல்கின்றன. எங்கள் ஸ்பீக்கர்கள் மோனோ (இட, வலப் பிரிவில்லாதவை) என்பதால் இரு பக்கங்களையும் கலந்து பார்த்தோம். பியானோவின் ஒலியை முதலில் பதிவு செய்தபோது வெவ்வேறு மைக்குகளுக்குச் சற்று முன்பின்னாக எட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அரித்து, நடு ஸ்தாயியில் ஒரு பள்ளம் விழுந்தது. அதனால் மிக்சரில் வலப்பக்க ஃபேடரை (ஒலியளவுத் தள்ளுகோலை) இறக்கிவிட்டு இடப்பக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறோம். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் டி.ஐ. பாக்ஸ் சொற்பச் செலவு. அதை முதலிலேயே வாங்காதது எங்கள் கஞ்சத்தனம். நேரலைக்காக லேப்டாப்பை யு.எஸ்.பி.யில் இணைத்த அன்று கிளம்பிய 50 ஹெர்ட்ஸ் உறுமலையும், டி.ஐ. பாக்ஸிலிருந்த, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டியதும் அடக்க முடிந்தது.

பியானோவுக்குள் இருக்கும் ரிவர்பை (செயற்கை எதிரொலியை) அணைத்துவிட்டேன், ஏனெனில் எங்கள் உயர்ந்த கூரை தரும் எதிரொலியே போதுமானது. மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டி, 300 ஹெர்ட்ஸ் அருகே மூன்று டெசிபல் குறைத்ததும் பாமாலையின் நான்கு குரல்களும் தனித்தனியே கேட்கத் தொடங்கின. பேஸ் கிட்டாரும் உடன் ஒலிக்கும் நாட்களில் இடக்கை ஆக்டேவ்களை விட்டுவிடுகிறேன்; தாழ்ந்த ஒலிகள் இரண்டும் மோதினால் அதை எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது.

இன்னும் தீராத தொல்லை ஒன்றுண்டு. சனிக்கிழமை வெற்று ஆலயத்தில் அளவாக வைத்த மேல் ஸ்தாயி, ஞாயிறு ஆராதனைக்குச் சபையார் நிறைந்ததும் மங்கிவிடுகிறது. எனவே முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நான் தலையசைப்பேன். அண்ணன் ட்ரெபிள் குமிழை ஒரு நூல் திருப்புவார்.