சூப்பர் மார்க்கெட்டில் 15 வருடம்: மிச்சமானதும் ஆகாததும்

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு 2010இலிருந்து மாதாமாதம் போகிறேன். கடையின் பெயர் வேண்டாம், அடுத்த மாதமும் அங்கேதான் போக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், சோப்பு, டீத்தூள் எல்லாம் எம்.ஆர்.பி.யை விட நிஜமாகவே குறைவு. வண்டு வைத்த ரவையைக் கொண்டுபோய் நீட்டினால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள்.

ஆனால் மாதச் செலவு குறையவில்லை. தள்ளுவண்டியைக் கையில் கொடுத்துவிட்டால் மனம் அதை நிரப்பத்தான் பார்க்கிறது. அப்புறம் அந்த அலமாரி. கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் இடம்பிடிக்க கம்பெனிகள் கடைக்குக் காசு கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். எங்கள் கடையில் முன்பு துவரம்பருப்பு நாலைந்து மில்களின் பாக்கெட்டில் வரும். இப்போது அந்தத் தட்டு முழுக்கக் கடையின் சொந்தப் பாக்கெட். ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறொன்று இல்லை. குளிர்பானத்திலும் இதே கதைதான்: ரிலையன்ஸ் 2022இல் கேம்பாவை வாங்கி, மறுவருடம் மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. கடையும் அவர்களுடையது, சரக்கும் அவர்களுடையது.

ஒருநாள் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். வண்டியில் சலவைத்தூள் பாக்கெட்டுகள்.

"என்ன அண்ணாச்சி, நீங்களே இங்கயா?"

"ஏஜென்சிக்காரன் போடுற ரேட்டை விட இங்க கம்மியால்ல இருக்கு தம்பி. ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் தருவான், அதான் பையனையும் கூட்டிட்டு வந்தேன்."

மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனத்துக்குத் தனி விலை, தெருக்கடைக்குப் போகும் சரக்குக்கு வேறு விலை. 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிராவில் விநியோகஸ்தர் சங்கத்தினர் கோல்கேட் சரக்கை எடுக்கமாட்டோம் என்று கிளம்பியதும் இந்த வித்தியாசத்துக்காகத்தான். அண்ணாச்சிக்கு அந்தச் சங்கமெல்லாம் தெரியாது, வரிசையில் நிற்கத்தான் தெரியும்.

1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா என்ற சூப்பர் மார்க்கெட், நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகளாகி, 2009இல் அப்படியே முடங்கிப்போனது. அப்போது எங்கள் தெருவில் மூன்று மளிகைக் கடைகள் இருந்தன, அதனால் வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. இன்று இருப்பது அண்ணாச்சி கடை ஒன்றுதான். 2020 ஊரடங்கின்போது சூப்பர் மார்க்கெட்டில் வெறும் தட்டைப் பார்த்துத் திரும்பிய வாரம், அரிசியும் பருப்பும் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர்தான்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு: எண்ணெயும் சோப்பும் அங்கே. பருப்பு, மிளகாய், புளி, ராத்திரி ஒன்பது மணிக்குத் தீர்ந்துபோகும் எதுவானாலும் அண்ணாச்சியிடம். சலவைத்தூள் மட்டும் அவரிடம் வாங்குவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்த்துவிட்டேனே.