அவசரக் கட்டணம் கட்டினால் படம் நன்றாக வருமா?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் 36 படமும் எடுத்து முடித்தாயிற்று. பிலிம் ரோலை இனி எங்கே கழுவுவது? வெளியூர் லேபில் சாதாரணம், அவசரம் என்று இரண்டு கட்டணம் சொல்வார்கள். மூன்றாவது வழி நம் வீட்டுக் குளியலறை.

கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையைக் கோடாக் 1972-இல் கொண்டுவந்தது. படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் கரைசலுக்கு 37.8 டிகிரி செல்சியஸ் சூட்டில் 3 நிமிடம் 15 விநாடி. கூடுதல் காசு கட்டியவர் ரோலுக்கும் அதே கணக்குதான். ப்ளீச், ஃபிக்சர், அலசல், உலர்த்தல் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. மீதி நாளெல்லாம் ரோல் வரிசையில் கிடக்கிறது. ஆக, அவசரக் கட்டணம் என்பது கோயில் சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரி. உள்ளே இருப்பது அதே சாமி.

அந்த டிக்கெட்டும் சில சமயம் வீண். சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் கூரியர் போட்டால், திங்கள் வரை பார்சல் தூங்கும். அதற்கு அப்புறம் லேபில் ஒரு நாள் மிச்சம் பிடித்து என்ன பயன்?

ஒரே ஒரு முறை அந்தக் காசு எனக்கு முழுசாகப் பயன்பட்டது. குற்றால சீசனுக்கு முன் பழைய கேமரா ஒன்றை வாங்கி, சோதனை ரோலை அவசரத்தில் கொடுத்தேன். மறுநாளே ஸ்கேன் வந்தது. எல்லாப் படத்திலும் ஆரஞ்சுக் கோடு. பின்மூடியில் நுரைப்பட்டை உதிர்ந்து வெளிச்சம் கசிந்திருக்கிறது. தெரியாமல் அருவிக்குப் போயிருந்தால் நாலைந்து ரோல் போயிருக்கும். தேர்ப் படத்துக்கு அப்படி என்ன அவசரம்? சாதாரணமே போதும்.

கறுப்பு வெள்ளை என்றால் எந்த லேபும் வேண்டாம் என்பேன். பிலிம் கழுவும் டேங்க், வெளிச்சம் படாமல் பிலிமை அதில் போட உதவும் சேஞ்சிங் பேக் இரண்டும் ஒருமுறை வாங்கினால் ராத்திரி கழுவி காலையில் நெகட்டிவ் பார்க்கலாம். தொல்லை நம் ஊர்ச் சூடுதான். டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்வது 20 டிகிரி; கோடையில் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலை இறக்கி வைத்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய வைக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள். ஆடிக் காற்றில் ஈரப் பிலிமில் ஒட்டும் தூசியை எந்தக் கட்டணத்தாலும் எடுக்க முடியாது.

எந்த வழியானாலும் எடுத்த ரோலை பைக் பெட்டிக்குள் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். உடனே அனுப்ப முடியாவிட்டால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.