மசாஷி சடா பாட்டுக – கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு ரிவ்யூ

ரெண்டு மாசமா ராத்திரி படுக்கப்போறப்ப இதத்தான் கேக்கேன். தம்பி நாகசாகி பக்கம் ஒரு கப்பல் யார்டுல வெல்டிங் வேலைக்குப் போயி ஒன்றர வருஷமாச்சு, அவன்தான் வாட்ஸ்அப்ல லிங்க் போட்டு, அண்ணே ஹெட்செட் மாட்டிட்டு கேளு, இங்க உள்ள வயசானவங்க இந்தாளு பாட்டுன்னா உயிர விடுவாங்கன்னு சொன்னான். மசாஷி சடா 1952ல நாகசாகில பொறந்தவரு, சின்னப் புள்ளையிலயே வயலின் படிச்சு, பெறவு கிட்டாருக்கு வந்து, கிரேப்னு ரெண்டு பேரு சேந்த குரூப்ல பாடி, 1976ல அது பிரிஞ்சதுக்கப்புறம் தனியாவே பாடுறாரு. எழுதுறது மெட்டு போடுறது பாடுறது எல்லாம் அவருதான். 2013லயே 4000 கச்சேரி முடிச்சாச்சு.

மொத கேட்டது ஷோரோ நாகாஷி, 1974ல வந்தது. வயலின் ஆரம்பிச்ச ஒடனயே நெஞ்சு கனத்துட்டு. அர்த்தம் தம்பி சொல்லித்தான் தெரியும். நாகசாகில ஆகஸ்ட் 15 சாயங்காலம், அந்த ஒரு வருஷத்துக்குள்ள யாரையாவது பறிகொடுத்த வீட்டுக்காரங்க ஆத்துமாவுக்குன்னு ஒரு வள்ளம் செஞ்சு, வெளக்கு ஏத்தி, தெருத்தெருவா இழுத்துட்டு கரைக்குக் கொண்டு போவாங்களாம். முன்ன கடல்லயே விட்டுட்டு இருந்தாங்க, இப்ப கடல் அழுக்காவும்னு விடுறதில்ல. பாட்டுல பேசுறது செத்தவனுக்கு வேண்டப்பட்ட பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல தச்ச உடுப்ப இன்னைக்கு அவ மட்டும் போட்டு நிக்கா, சின்னப் பையன் ஒருத்தன் ஒண்ணும் தெரியாம குதிச்சு ஓடிட்டு இருக்கான். நெசத்துல அன்னைக்கு ரோடெல்லாம் காதப் பொத்துற அளவுக்கு பட்டாசு வெடிக்குமாம், ஆனா பாட்டுல அந்த சத்தமே இல்ல, அவ மனசுக்குள்ள இருக்குற அமைதி மட்டும்தான் இருக்கு, அதுதான் இந்தப் பாட்டோட பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது.

எங்க சித்தப்பா மவன் 2017 ஒக்கி புயல்ல கடல்ல போனவன். ஒடம்பு கெடைக்கல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரி கொளுத்துது, சித்தி எங்க கொளுத்துவா? கரைல மணல்ல ஊன்றுவா, காத்து அணைச்சுரும், திரும்பக் கொளுத்துவா. இந்தப் பாட்டு கேட்டப்ப அதுதான் கண்ணுல நின்னுது. செத்தவங்கள வள்ளம் செஞ்சு கரை வரைக்கும் வழியனுப்புற ஊரு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சப்ப ஒரு ஆறுதல்.

(நம்ம கோட்டார் புனித பிரான்சிஸ் சவேரியாரு இந்தக் கரைல நடந்துட்டுதான் 1549ல ஜப்பானுக்குப் போனாரு, அதுவும் ஆகஸ்ட் 15ல போயி எறங்கினாரு. தம்பிக்கு இத சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்தான்.)

அடுத்து காகாஷி, 1977. காகாஷின்னா சோளக்கொல்லை பொம்மை. டவுணுக்குப் போன ஒடம்பிறப்புக்கு ஊர்ல இருக்குற அண்ணன் கேக்குறது, சொகமா இருக்கியா, கூட்டாளி கெடைச்சாச்சா, கைல பைசா இருக்கா, எப்ப வாற. அவ்ளோதான் பாட்டு. கல்ஃப்லயோ கேரளாவுலயோ ஆளு இருக்குற எந்த வீட்டுக்கும் இதுக்கு வெளக்கம் வேண்டாம்.

1987ல வந்த லயன் பாட்டு கென்யாவுல வேல செய்யுற ஒரு டாக்டர் பழைய காதலிக்கு எழுதுற லெட்டர், நல்ல நீளம், பொறுமையா கேக்கணும், கடைசில சர்ச்ல நாம பாடுற அமேசிங் கிரேஸ் ராகம் கலந்து வரும் பாருங்க, அதுக்காவே ஒக்காந்து கேக்கலாம்.

கன்பாகு செங்கென் (1979) மட்டும் எனக்கு ஒத்துக்கல. லட்சக்கணக்குல வித்த பாட்டுதான், கல்யாணத்துக்கு முன்ன மாப்ள பொண்ணுக்கு போடுற கட்டளைய வரிசையா சொல்லிட்டு கடைசில எனக்கு முன்ன நீ செத்துராதன்னு கெஞ்சுறான். அந்தக் கடைசி நல்லாருக்கு, ஆனா அதுக்கு முன்ன உள்ளத எங்க வீட்டுப் பொம்பளைங்க முன்னால போட எனக்கு மனசு வரல. அங்கயே அப்ப பொம்பளைங்க எதிர்த்திருக்காங்க.

கொறைன்னா, தமிழ்ல வரி எனக்கு எங்கயும் கெடைக்கல. மெஷின் மொழிபெயர்ப்ப நம்பாதீங்க, பாட்டையே கொன்னுரும், தெரிஞ்ச ஆளு இருந்தா கேளுங்க. போன் ஸ்பீக்கர்ல கேட்டா வயலின் கீச்சுனு இருக்கும், ஹெட்செட் கண்டிப்பா வேணும். கச்சேரி ரெக்கார்டிங்ல பாட்டுக்கு நடுவுல ரொம்ப நேரம் பேசுவாரு, பாஷ தெரியாதவங்க ஸ்டுடியோ ரெக்கார்டிங்கே எடுங்க.

அஞ்சுக்கு நாலர ஸ்டார். புதுசா கேக்குறவங்க காகாஷில ஆரம்பிச்சு ஷோரோ நாகாஷிக்கு வாங்க. போன வாரம் வீடியோ கால்ல அம்மா தம்பிகிட்ட, சாப்ட்டியா மக்கா, கைல பைசா இருக்கா, எப்ப வாறன்னு கேட்டா. அவ அந்தப் பாட்ட கேட்டதே இல்ல. கிறிஸ்மஸுக்கு வாறானாம், ஒரிஜினல் சிடி கொண்டு வரச் சொல்லியாச்சு, ஒண்ணு சித்திக்கு.