எம்ஆர்ஐ புரோட்டோகாலை எங்கே வைப்பது, எப்படிப் பகிர்வது?

எம்ஆர்ஐ ஸ்கேனரில் படம் எடுக்கக் கொடுக்கும் அமைப்புகளின் முழுத் தொகுப்புதான் புரோட்டோகால். மூளை ஆய்வுக் கட்டுரை ஒன்றின் வழிமுறைப் பகுதியை எடுத்துப் பாருங்கள். 3 டெஸ்லா ஸ்கேனர், டிஆர், டிஈ என்ற நேர அமைப்புகள் இவ்வளவு, வாக்ஸல் (படத்தின் மிகச் சிறு கனத்துண்டு) 2 மி.மீ. என்று நாலு வரி இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்கேனரை இயக்கும் கணினியான கன்சோல் முன்னால் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் திணறிப்போவோம். பார்ஷியல் ஃபூரியே 6/8-ஆ, 7/8-ஆ? பேண்ட்விட்த் எவ்வளவு? ஃபேஸ் என்கோடிங் முன்னிருந்து பின்னா, பின்னிருந்து முன்னா? கன்சோல் எல்லாவற்றுக்கும் விடை கேட்கும், கட்டுரையில் விடை இருக்காது.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வில் இந்தப் பிரச்சினை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. பாதிப் பேரை ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் கவனித்தோம்: சிலருடைய படங்களில் மட்டும் மூளையின் ஓரம் பளிச்சென்றும் நடுப்பகுதி மங்கியும் இருந்தது. படத்தோடு ஸ்கேனர் எழுதிவைக்கும் தகவல் பகுதியான டைகாம் ஹெட்டரைத் திறந்தோம். ஆரம்பகால ஸ்கேன்களில் 'இமேஜ் டைப்' வரியில் 'நார்ம்' என்ற சொல் இருந்தது, பிந்தியவற்றில் இல்லை. படம் முழுக்க வெளிச்சத்தைச் சமன்செய்யும் 'ப்ரீஸ்கேன் நார்மலைஸ்' என்ற ஒரேயொரு டிக்கை யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். எதற்காக எடுத்தார்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. பிந்திய படங்கள் அத்தனையையும் தனியாகத் திருத்தி, அந்தத் திருத்தத்தைக் கட்டுரையில் விளக்கி எழுத வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் புரோட்டோகாலைச் சேமிக்கும் எந்த முறையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறேன். ஸ்கேனர் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளுமா? எது, எப்போது மாறியது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியுமா?

முதலில் கோப்பின் வடிவம். சீமன்ஸ் கன்சோலிலிருந்து எக்ஸார்1 கோப்பு கிடைக்கும், பிலிப்ஸில் எக்ஸாம்கார்ட், ஜிஇ-க்கு அதன் சொந்த வடிவம். முதல் கேள்விக்கு இவை முழு மார்க் வாங்கும்: இன்னொரு ஊரில் அதே வகை ஸ்கேனரில் ஏற்றினால் எல்லா எண்களும் தானாக வந்து உட்காரும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. மென்பொருள் பதிப்பு ஒத்துப்போக வேண்டும், புதியதில் எடுத்ததைப் பழையது ஏற்காது. இரண்டாவது, கோப்பில் இருப்பது அமைப்புகள்தான், ஸ்கேனரைப் படமெடுக்க வைக்கும் நிரலான சீக்வென்ஸ் அல்ல. பல குறுக்குவெட்டுகளை ஒரே நேரத்தில் எடுக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மல்ட்டிபேண்ட் சீக்வென்ஸை நம்பி எழுதிய புரோட்டோகால், அந்தச் சீக்வென்ஸ் நிறுவப்படாத ஸ்கேனரில் ஓடவே ஓடாது. இரண்டாம் கேள்விக்கு எக்ஸார்1 கோப்பிடம் பதிலே இல்லை. சாதாரண எடிட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும்.

அதே அமைப்புகளைக் கன்சோலிலிருந்து எடுக்கும் பிடிஎஃப் அச்சுப்படி இதற்கு நேர் எதிர். எந்த ஸ்கேனரும் அதை ஏற்றிக்கொள்ளாது, ஆனால் எவரும் படிக்கலாம். வேறு நிறுவனத்தின் ஸ்கேனர் வைத்திருப்பவருக்கு உதவுவது இது மட்டும்தான். ஆகவே 'இதுவா, அதுவா' என்று கேட்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே வையுங்கள். பொதுவில் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: புரோட்டோகால் மரத்தில் பிற ஆய்வுகளின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் ஒட்டிக்கொண்டு வரும். நிறுவனத்துடன் போட்ட ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் கட்டுப்பட்ட சீக்வென்ஸ் இருந்தால் அனுமதியும் வேண்டும்.

சரி, எங்கே வைப்பது? மின்னஞ்சலில் அனுப்புவதையும் பொது டிரைவில் 'இறுதி', 'இறுதி_புதியது' என்று அடுக்குவதையும் பேச வேண்டியதில்லை.

ஆய்வுக் கோப்புகளைப் பகிரும் ஓஎஸ்எஃப் தளத்தில் தொடங்குவது மிக எளிது. ஒரே பெயரில் கோப்பை மறுபடி ஏற்றினால் பழையது அழியாமல் முந்தைய பதிப்பாக நிற்கும். நிரல் பக்கமே போகாத குழுவுக்கு இதுவே போதும் என்பேன். குறை என்னவென்றால், அங்கே டிஓஐ (மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர அடையாள எண்) பொதுவாக முழுத் திட்டத்துக்குத்தான். எந்தப் பதிப்பில் ஸ்கேன் செய்தோம் என்று கட்டுரையில் துல்லியமாகச் சுட்ட வேண்டுமானால், அந்த நிலையைத் தனியாகப் பதிவுசெய்து உறையவைக்க வேண்டும்.

ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் ஸெனோடோ இந்த விஷயத்தில் கெட்டி. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. வெளியிட்ட கோப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் அது களஞ்சியம், பட்டறை அல்ல. தினசரி நடக்கும் சின்னத் திருத்தங்களை அங்கே பதிய யாரும் மெனக்கெடப் போவதில்லை.

என் தேர்வு, கோப்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கிட் மென்பொருளும், அந்தப் பதிவுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பும். எக்ஸார்1 கோப்பை மட்டும் போட்டால் 'ஏதோ மாறியது' என்பதற்கு மேல் கிட் எதுவும் சொல்லாது. அதனால் பிடிஎஃப்பை வெறும் எழுத்தாக மாற்றி அதையும் கூடவே போட வேண்டும். அப்போது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு இப்படி வரும்: சிவப்பில் 'ப்ரீஸ்கேன் நார்மலைஸ்: ஆன்', அதன் கீழே பச்சையில் 'ப்ரீஸ்கேன் நார்மலைஸ்: ஆஃப்', பக்கத்தில் தேதி, பதிந்தவர் பெயர், காரணம். எங்கள் ஆய்வில் இந்த இரண்டு வரி இருந்திருந்தால் அந்தப் படங்கள் தப்பியிருக்கும். கிட்ஹப்பை ஸெனோடோவுடன் இணைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிஓஐ தானாகவே வந்துவிடும். பட்டறையும் களஞ்சியமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தண்டுவட எம்ஆர்ஐக்கான 'ஸ்பைன் ஜெனரிக்' புரோட்டோகால் இப்படித்தான் கிட்ஹப்பில் வாழ்கிறது. சீமன்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. அதை வைத்து 42 மையங்களில் 260 பேரை ஸ்கேன் செய்து 2021-ல் வெளியிட்டார்கள், தரவும் திறந்தே கிடக்கிறது. மூன்று நிறுவனங்களின் ஸ்கேனரிலும் ஒரே அளவீட்டை எடுக்க என்னென்ன விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் கோப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தாலே புரியும்.

கிட்டின் பலவீனம் ஆட்கள் விஷயத்தில் இருக்கிறது. கன்சோலில் மாற்றம் செய்பவர் டெக்னீஷியன். அவரிடம் 'கமிட் போடுங்கள்', அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியுங்கள் என்றால் நடக்காது, கேட்பதும் நியாயமில்லை. இங்கேதான் ஆக்ஸ்ஃபோர்டின் மூளைப் படவியல் மையம் போட்ட பாதை எனக்குப் பிடிக்கிறது. எம்ஆர் புரோட்டோகால்களுக்கென்றே அங்கே ஒரு தரவுத்தளம் உண்டு. ஸ்கேனரிலிருந்து எடுத்த கோப்பும், ஸ்கேனை எப்படி நடத்துவது என்ற செய்முறைக் குறிப்பும் ஒரே பதிவில் இருக்கும், திருத்தினால் புதிய பதிப்பு. கட்டளை வரி தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதைக் கட்டவும் பராமரிக்கவும் மையத்துக்குச் சொந்த ஆட்கள் வேண்டும். ஒரு ஸ்கேனர், இரண்டு மாணவர்கள் என்று ஓடும் குழுவுக்கு அது எட்டாது.

அந்தச் செய்முறைக் குறிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்லைஸை எந்தக் கோட்டுக்கு இணையாகச் சாய்ப்பது, தலைக்கு இரு பக்கமும் எவ்வளவு பஞ்சு வைப்பது, கண்ணைத் திறந்திருக்கச் சொன்னோமா, மூடச் சொன்னோமா: இதெல்லாம் எந்த எக்ஸார்1 கோப்பிலும் இருக்காது. படிப்படியாக எழுதி, பதிப்பு போட்டு, டிஓஐயோடு வெளியிட புரோட்டோகால்ஸ்.ஐஓ நல்ல இடம். பிறர் அதைப் பிரதியெடுத்துத் தங்கள் ஆய்வுக்கேற்ப மாற்றவும் முடியும். ஆனால் எண்களுக்கு அதை நம்ப வேண்டாம், கையால் தட்டும்போது தவறு நுழைந்துவிடும்.

பல்ஸெக் என்ற திறந்த கோப்பு வடிவம் இவற்றிலிருந்து வேறு ரகம். 2017-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் குழு வெளியிட்டது. அமைப்புகளை மட்டுமல்ல, ரேடியோ துடிப்பு, கிரேடியன்ட், சிக்னல் எடுக்கும் நேரம் என்று சீக்வென்ஸையே ஓர் எழுத்துக் கோப்பாகத் தருகிறது. அதை ஓட்டும் இடைமென்பொருள் இருந்தால் வேறு நிறுவனத்தின் ஸ்கேனரிலும் ஓடும். என் இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர 'ஆம்' சொல்வதற்கு மிக அருகில் வருவது இதுதான். பதிப்பு போட வேண்டியது அந்தக் கோப்பை உருவாக்கும் பைத்தான் அல்லது மேட்லேப் நிரலைத்தான், எண்கள் குவிந்த கோப்பைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்காது. ஆனால் இடைமென்பொருளுக்கு ஆராய்ச்சி ஒப்பந்தம் வேண்டும், படத்தை மீட்டமைக்கும் வேலையும் பல நேரம் நம் தலையில்தான் விழும். சீக்வென்ஸ் எழுதும் குழுவுக்கு இது பொக்கிஷம். வழக்கமான எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டுப் படம்) எடுப்பவர் இப்போதைக்கு இதில் இறங்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. மேலே சொன்னவையெல்லாம் நாம் திட்டமிட்டதன் பதிவு. உண்மையில் நடந்தது டைகாம் ஹெட்டரில்தான் இருக்கிறது. டைகாம் படங்களை டிசிஎம்2நிக்ஸ் என்ற நிரல் வேறு வடிவுக்கு மாற்றித் தரும்போது, பிட்ஸ் (மூளைப் படத் தரவை அடுக்கும் பொது முறை) வடிவிலான ஜேசான் என்ற எழுத்துக் கோப்பு ஒன்று படத்தோடு வரும், 'இமேஜ் டைப்' அதில் இருக்கும். இப்போது நாங்கள் ஒவ்வொரு ஸ்கேன் முடிந்த அன்றே அந்த ஜேசானைக் களஞ்சியத்தில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டுவிடுகிறோம், முப்பது வரி நிரல்தான். டெக்னீஷியனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எதை மாற்றினாலும் கன்சோல் பக்கத்தில் இருக்கும் நோட்டில் தேதியும் காரணமும் ஒரு வரி எழுதுங்கள். கமிட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.